அம்மா கொடுத்த கம்மலும் ஆகானின் பொன்பாளமும்

கேள்வி: எனக்கு 31 வயது. ஊர் கன்னியாகுமரி மாவட்டம். பிறந்து வளர்ந்தது சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில். கல்யாணம் முடிந்து ஆறு வருடம் ஆகிறது. கணவர் வீட்டார் நகை போடாத ஒரு பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவர்கள். முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தால்தான் சம்மதம் என்றார்கள், எடுத்தேன். கம்மல், வளையல் எல்லாவற்றையும் கழற்றினேன். தாலி இல்லாமல்தான் கல்யாணம் நடந்தது. போன வருடம் என் தம்பி கல்யாணத்தில் அம்மா அழுததால், அவர்கள் கொடுத்த கம்மலை ஒரே ஒரு நாள் போட்டேன். மாமனாரும் மாமியாரும் பந்தியில் உட்காராமலே கிளம்பிவிட்டார்கள். அதற்குச் சில மாதம் கழித்து எனக்கு மூன்றாம் மாதக் கர்ப்பம் கலைந்தது. வீட்டு ஜெபக்கூட்டத்தில் பாஸ்டர் யோசுவா 7-ஐ வாசித்துவிட்டு, "ஆகான் ஒளித்துவைத்த பொன்பாளம் இந்த வீட்டிலும் இருக்கிறது" என்றார். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். கம்மலைக் காணிக்கையாகக் கொடுத்தால் சாபம் நீங்கும் என்கிறார். "விசுவாசத்தினாலே நீதிமான்" என்று ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்தவள் நான். அதெல்லாம் வெறும் வசனம்தானா? கணவர் நல்லவர். ஆனால், "சட்டம் இல்லாவிட்டால் ஆளாளுக்கு ஒரு பக்கம் போவார்கள்" என்கிறார். நான் என்ன செய்ய? பெயர் போடவேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரி,

குழந்தையைப் பற்றி முதலில் பேசிவிடுவோம். நீங்கள் மனப்பாடம் செய்த வசனம் உள்ள, அப்போஸ்தலன் பவுல் எழுதிய கலாத்தியர் நிருபம் சற்றுக் காத்திருக்கட்டும்.

நீங்கள் கம்மல் போட்டதால் உங்கள் கர்ப்பம் கலையவில்லை. இதை நான் ஒரு ஆயராகவும் சொல்கிறேன், பல வருடம் ஆஸ்பத்திரி வார்டுகளில் உங்களைப்போன்ற பெண்களின் கட்டிலருகே உட்கார்ந்தவனாகவும் சொல்கிறேன். உறுதியான கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை கலைகின்றன. பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள். அவற்றில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம், கரு உண்டாகும்போதே குரோமோசோம் எண்ணிக்கையில் நேர்ந்துவிடும் பிழை. தாய் செய்ததாலோ செய்யாமல் விட்டதாலோ வருவதில்லை அது. காது நிறையத் தங்கம் போட்டவர்களுக்கும் கலைகிறது, குண்டுமணித் தங்கம் பார்க்காதவர்களுக்கும் கலைகிறது. உங்கள் சபையிலேயே, வாழ்நாளில் நகை தொடாத எத்தனை சகோதரிகளுக்கு இது நடந்திருக்கும் என்று மெதுவாக விசாரித்துப் பாருங்கள். வெளியே சொல்லாமல் வைத்திருப்பார்கள்.

பிறவிக் குருடனைப் பார்த்ததும் சீஷர்கள் கேட்ட முதல் கேள்வியே, யார் செய்த பாவம் என்பதுதான், இவனுடையதா, பெற்றவர்களுடையதா? இரண்டுமல்ல என்றார் இயேசு (யோவான் 9). உங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் சீஷர்களின் கேள்வி மட்டும் கேட்கப்பட்டிருக்கிறது. ஆண்டவருடைய பதில்வரை யாரும் போகவில்லை.

இனி ஆகான். யோசுவா 7-ஐத் திறந்தவர்கள் ஒரு பக்கம் முன்னால் புரட்டியிருக்கலாம். 6-ஆம் அதிகாரம் 19-ஆம் வசனம், எரிகோவிலே கிடைக்கும் வெள்ளியும் பொன்னும் கர்த்தருக்குப் பரிசுத்தமானவை, அவை கர்த்தருடைய பொக்கிஷத்தில் சேரும் என்கிறது. அந்தப் பொன்னில் தீட்டு ஏதும் இருக்கவில்லை. தனக்கில்லாததை, கர்த்தருக்கென்று ஒப்புக்கொடுத்ததை, ஆகான் திருடிக் கூடாரத்துக்கு அடியில் புதைத்தான். திருடிய பட்டியலில் ஒரு பாபிலோனிய சால்வையும் உண்டு. அதை வைத்து யாரும் சால்வைக்குத் தடை போட்டதாகத் தெரியவில்லை. ஒரு தாய் மகளுக்குப் பலபேர் பார்க்க, கல்யாண வீட்டில், கையில் கொடுத்த கம்மலுக்கும் ஆகானுக்கும் என்ன சம்பந்தம்? அந்த அதிகாரத்தை உங்கள் துக்கத்தின்மேல் பிரயோகித்தது வேதத்துக்கும் நியாயமில்லை, உங்களுக்கும் நியாயமில்லை.

சாபம் என்ற சொல்லையும் விட்டுவைக்க முடியாது. கலாத்தியர் 3:13 உங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும்: கிறிஸ்து நமக்காகச் சாபமாகி, நியாயப்பிரமாணத்தின் (மோசேயின் சட்டத்தின்) சாபத்திற்கு நம்மை நீங்கலாக்கினார். ஏற்கெனவே நீங்கிவிட்ட ஒன்றை நீக்க ஒரு ஜோடி கம்மலைக் கேட்கிறார்கள் என்றால், சிலுவையில் நடந்தது போதவில்லை, மிச்சத்தை நீ கட்டு என்று அர்த்தம். பவுலுக்கு ரத்தம் கொதித்தது சரியாக இந்த இடத்தில்தான்.

நடந்தது இது. இன்றைய துருக்கியின் நடுப்பகுதியில் இருந்த ரோம மாகாணம் கலாத்தியா. அங்கே பவுல் பிரசங்கித்து, யூதரல்லாத மக்கள் விசுவாசித்துச் சபையானார்கள். அவர் கிளம்பிப் போனபின் வேறு சிலர் வந்தார்கள். "விசுவாசித்தீர்களா, மிகவும் நல்லது. ஆனால் விருத்தசேதனம் பண்ணிக்கொண்டால்தான் ஆபிரகாமின் பிள்ளைகள்" என்றார்கள். விருத்தசேதனம் என்பது ஆண்களின் நுனித்தோலை நீக்கும் யூதச் சடங்கு. கவனியுங்கள், இயேசுவை விட்டுவிடச் சொல்லவில்லை. இயேசுவோடு இன்னொன்றும் வேண்டும் என்றார்கள். அந்த "இன்னொன்றும்" என்பதற்காகத்தான் ஆறு அதிகாரக் கோபம். பவுலின் மற்ற நிருபங்கள் பெரும்பாலும் வாழ்த்து சொல்லி, ஸ்தோத்திரம் சொல்லி ஆரம்பிக்கும். கொரிந்தியரிடம் அத்தனை அசிங்கம் நடந்தும் அவர்களுக்காக முதலில் ஸ்தோத்திரம்தான். கலாத்தியருக்கு அதுகூட இல்லை. வாழ்த்து முடிந்த கையோடு, இவ்வளவு சீக்கிரம் வேறொரு சுவிசேஷத்துக்குத் திரும்பிவிட்டீர்களே என்று பாய்கிறார். 5:12-இல் விருத்தசேதனக்காரர்களைப் பற்றி அவர் சொல்லும் வார்த்தையை நான் பிரசங்கபீடத்தில் விளக்கியதே இல்லை. கிரேக்கத்தில் அவ்வளவு பச்சை.

அப்படியானால் பவுல் விருத்தசேதனத்துக்கே எதிரியா? இங்கேதான் உங்கள் கேள்விக்குப் பதில் இருப்பதாக நினைக்கிறேன். தீத்து என்கிற கிரேக்கனை எருசலேமுக்குக் கூட்டிப்போனார். அவனுக்கு விருத்தசேதனம் பண்ணியே ஆகவேண்டும் என்று சிலர் நெருக்கியபோது, ஒரு நாழிகைகூட இணங்கவில்லை என்று எழுதுகிறார் (2:5). அதே பவுல், தீமோத்தேயுவுக்குத் தாமே விருத்தசேதனம் பண்ணுவித்தார் (அப்போஸ்தலர் 16:3). தீமோத்தேயுவின் தாய் யூதப்பெண். அந்தப் பக்கத்து யூதர்களிடம் போகவேண்டியிருந்தது. அவர்கள் கதவைச் சாத்திவிடக்கூடாது. ஒரே சடங்கு. ஒருவனுக்கு முடியாது என்றார், இன்னொருவனுக்குச் செய்துவைத்தார். தீத்துவின் காரியத்தில் அது இரட்சிப்புக்குச் சீட்டாகக் கேட்கப்பட்டது. தீமோத்தேயுவின் காரியத்தில் அடுத்தவர்மேல் உள்ள அன்புக்காக மனமுவந்து செய்யப்பட்டது.

நகையை இதில் வைத்துப் பாருங்கள். கல்யாணத்தின்போது நீங்கள் கம்மலைக் கழற்றியது தீமோத்தேயுவின் காரியம்போல இருந்திருக்கலாம். கணவர் வீட்டு வழக்கத்துக்கு மரியாதை, அவர்களோடு ஒட்டி வாழ ஆசை. அதில் தவறில்லை, அடிமைத்தனமும் இல்லை. ஆனால் அந்த ஜெபக்கூட்டத்தன்று அது தீத்துவின் காரியமாகிவிட்டது. கம்மல் போட்டால் சாபம், கொடுத்தால் விடுதலை என்று சொன்ன நிமிடத்தில் கம்மல் கம்மலாக இல்லை.

நகை வேண்டாம் என்பவர்களை ஏளனமாகப் பார்க்கவேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். சி.எஸ்.ஐ.-யில் வளர்ந்த நமக்கு அந்த ஏளனம் எளிதாக வரும். அந்தக் கட்டுப்பாட்டுக்கு ஒரு நல்ல வேர் உண்டு. ஜான் வெஸ்லி 1743-இல் மெதடிஸ்டுகளுக்கு எழுதிய பொது விதிகளில் பொன்னாபரணமும் விலை உயர்ந்த உடையும் வேண்டாம் என்று இருக்கிறது. உன் காதில் தொங்கும் பணம் ஏழையின் வயிற்றுக்குப் போகட்டும் என்ற எண்ணம் அவருடையது. 19-ஆம் நூற்றாண்டுப் பரிசுத்த இயக்கங்கள் வழியாக அது பெந்தெகொஸ்தே சபைகளுக்கும் வந்து சேர்ந்தது. வட்டிக்கு வாங்கி நகை போட்டு, மகளை அனுப்பும்போது "எத்தனை பவுன்?" என்று கேட்கும் நம் ஊரில், நகையே வேண்டாம் என்ற சபை எத்தனையோ அப்பாக்களுக்கு மூச்சு விட இடம் கொடுத்திருக்கிறது. சபையில் ஒரு கூலிக்காரரின் மனைவியும் டாக்டரின் மனைவியும் ஒரே மாதிரி வெறுங்காதோடு உட்காருவது அழகான காட்சிதான்.

ஆனால் உங்கள் மண்ணுக்கு வேறொரு கதையும் இருக்கிறது. தென் திருவிதாங்கூரில் பல சமூகத்துப் பெண்கள் மார்பை மறைக்கக்கூடாது, பொன் அணியக்கூடாது என்று சாதி ஆணையிட்டிருந்த காலம் ஒன்று உண்டு. தோள்சீலைப் போராட்டத்தில் முன்னின்றவர்களில் பெரும்பகுதியினர் புதிதாகக் கிறிஸ்தவர்களான பெண்கள். 1859-இல் திருவிதாங்கூர் மகாராஜா பிரகடனம் கொடுக்கும்வரை சந்தையில் சீலையைப் பிடுங்கிக் கிழித்தார்கள், ஆலயத்தைக் கொளுத்தினார்கள். அந்தப் பெண்களின் கொள்ளுப்பேத்திக்கு அம்மா கையால் வரும் ஒரு ஜோடி கம்மல் வெறும் மேட்டிமை ஆகுமா? மறுக்கப்பட்டிருந்ததைப் போட்டுக்கொள்வதிலும் சுவிசேஷம் இருந்தது. லண்டனில் ஒரு சீமாட்டி கழற்றுவதும் நாகர்கோவிலில் ஒரு பாட்டி முதல்முறையாகப் போடுவதும் ஒரே விசுவாசத்தின் இரு செயல்களாக இருக்கமுடியும் என்று நான் நம்புகிறேன்.

"பேதுரு தெளிவாகவே சொல்லியிருக்கிறாரே" என்று உங்கள் மாமியார் 1 பேதுரு 3:3-ஐ எடுப்பார்கள். எடுக்கட்டும். அந்த வசனத்தில் முதலில் வருவது மயிரைப் பின்னுதல். நம் ஊரில் ஜடை பின்னாத சபை எங்கே இருக்கிறது? மூன்றாவதாக வருவது உடை. நம் வேதாகமத்தில் "உயர்ந்த வஸ்திரங்கள்" என்று இருக்கிறது. கிரேக்கத்தில் "உயர்ந்த" என்ற சொல் இல்லை, வஸ்திரம் உடுத்துதல் என்று மட்டும்தான். எழுத்துக்கு எழுத்து சட்டமாக்கினால் உடுத்தவே முடியாது. உன் அழகு அங்கே இல்லையம்மா, உள்ளே இருக்கிறது என்று ஒரு பெரியவர் சொல்லும் புத்தி அது. ஆதியாகமம் 24-இல் ரெபெக்காளுக்குப் பொன் மூக்குத்தியும் கடகங்களும் போட்டுவிட்டு உடனே தலைகுனிந்து கர்த்தரைத் தொழுதுகொள்கிறான் ஆபிரகாமின் ஊழியக்காரன். இந்த வசனத்தை மாமியாரிடம் பதிலுக்கு வீசச் சொல்லவில்லை. வசனத்துக்கு வசனம் என்று வீட்டில் ஆரம்பித்தால் இட்லி ஆறிப்போகும்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது கம்மல் அல்ல, பந்தி. மாமனாரும் மாமியாரும் தம்பி கல்யாணத்தில் சாப்பிடாமல் போனார்கள் என்று ஒரு வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். கலாத்தியர் 2-ஆம் அதிகாரத்தில் பவுலின் சண்டை ஒரு பந்தியைப் பற்றியது. அந்தியோகியாவில் பேதுரு யூதரல்லாத விசுவாசிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் வந்ததும் மெல்ல எழுந்து தனிப் பந்திக்குப் போய்விட்டார். பர்னபாவும் பின்னாலேயே போனார். பவுல் எல்லாருக்கும் முன்பாகப் பேதுருவை முகத்துக்கு நேரே கேட்டார். "விசுவாசத்தினாலேயே நீதிமான்" என்று நீங்கள் மனப்பாடம் செய்த வாக்கியம், புத்தகத்தில் இந்தச் சாப்பாட்டுச் சண்டையைத் தொடர்ந்துதான் வருகிறது. யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதற்கான பதில் அது. கிறிஸ்து ஏற்றுக்கொண்டவனோடு நீ சாப்பிட மாட்டாய் என்றால், அவனை ஏற்றுக்கொண்டது போதாது என்கிறாய்.

(இதைச் சொல்லிவிட்டு பெந்தெகொஸ்தேக்காரர்களை மட்டும் குறைசொல்லி எழுந்துபோக எனக்கு உரிமை இல்லை. கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833-இல் சாதி வித்தியாசத்தை ஆலயத்துக்குள் இனி விடக்கூடாது என்று கடிதம் எழுதியபோது வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் எழுந்த எதிர்ப்பு சாதாரணமானதல்ல. இன்றும் கல்லறைத் தோட்டத்தை நடுவில் சுவர் வைத்துப் பிரித்த ஊர்கள் இருக்கின்றன. காதில் கம்மல் உண்டா இல்லையா என்பதை விசாரிக்கும் நாம் அதை விசாரிப்பதில்லை.)

உங்கள் கணவரின் கேள்வி நியாயமானது. சட்டம் இல்லாவிட்டால் ஆளாளுக்கு ஒரு பக்கம் போகமாட்டார்களா? பவுலிடமும் இதைக் கேட்டார்கள். கிருபை பெருகப் பாவத்தில் நிலைநிற்கலாமா என்று ரோமர் 6-இல் அவரே எடுத்துக் கூடாதே என்கிறார். கலாத்தியரில் அவர் தரும் பதில் இன்னும் எனக்குப் பிடித்தது. நியாயப்பிரமாணத்தை 3:24 "உபாத்தி" என்கிறது. நாம் அதை வாத்தியார் என்று படித்துவிடுகிறோம். கிரேக்கச் சொல்லோ பள்ளிக்கூடத்து ஆசிரியரைக் குறிப்பதில்லை. பணக்கார வீட்டுப் பையனைக் கையைப் பிடித்துப் பள்ளிக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்துவிடும் வீட்டு அடிமையைக் குறிக்கிறது. பையன் தெருவில் வம்புக்குப் போனால் பிரம்பால் ஒன்று போடுவான். அவன் கெட்டவனில்லை, தேவையானவன். ஆனால் பையனுக்கு முப்பது வயதாகி, பெண்டாட்டி பிள்ளையோடு குடும்பம் நடத்தும்போதும் அவன் பிரம்போடு பின்னால் நடந்துவந்தால் எப்படி இருக்கும்? வளர்ந்த மகன் அப்பாவின் வீட்டைக் கொள்ளையடிக்காமல் இருப்பது பிரம்புக்குப் பயந்தல்ல, அது தன் வீடு என்பதால்.

அதே நிருபம் 5:19 முதல் மாம்சத்தின் கிரியைகளை வரிசையாகச் சொல்கிறது. நம் பழைய மொழிபெயர்ப்பில் எண்ணினால் பதினேழு. விபசாரமும் வெறியும் அதில் உண்டு. ஆனால் பகைகள், விரோதங்கள், வைராக்கியங்கள், கோபங்கள், சண்டைகள், பிரிவினைகள், மார்க்கபேதங்கள், பொறாமைகள் என்று எட்டு, ஏறக்குறைய பாதி, மனிதர் மனிதரைப் பிரிக்கும் காரியங்கள். நகை அதில் இல்லை. சட்டம் போட்டுக் காதைக் காலியாக்கிவிடலாம். அந்த எட்டைச் சட்டத்தால் தொடமுடியாது என்பது உங்கள் கணவருக்கும் தெரிந்திருக்கும், சபைக் கமிட்டிக் கூட்டம் ஒன்றுக்காவது போயிருப்பார் அல்லவா?

சரி, இனி என்ன செய்வது.

கம்மலை நாளைக்கே மாட்டிக்கொண்டு நிற்கச் சொல்லமாட்டேன். மாமியாருக்கு எதிர்ப்புக் காட்டுவதற்காகப் போட்டால் அதுவும் ஒரு நுகம்தான். போடாமல் இருப்பதும் உங்கள் சுயாதீனம், அது பயத்தால் வராதவரை. முதலில் பயம் போகட்டும். அதற்குக் கொஞ்ச நாள் ஆகும். எனக்கு அவசரமில்லை, உங்களுக்கும் வேண்டாம்.

கணவரிடம் பேசுங்கள். "பாஸ்டர் சொன்னது சரியா தப்பா?" என்று ஆரம்பித்தால் அவர் நடுவில் மாட்டிக்கொள்வார், பேச்சு நின்றுவிடும். "நம் குழந்தைக்காக நாம் இரண்டுபேரும் சேர்ந்து இன்னும் அழவே இல்லை" என்று ஆரம்பியுங்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அழவில்லை என்றே நினைக்கிறேன். அன்று எல்லாரும் உங்களைப் பார்த்தபோது அவர் எங்கே பார்த்துக்கொண்டிருந்தார் என்பதையும் ஒரு நாள் கேளுங்கள், சண்டையாக அல்ல. அது அவருக்கும் சொந்தக் குழந்தை. அவருக்கும் யாரோ ஒருவர் சாபம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அதன்பிறகு, அவர் சம்மதித்தால் இருவருமாக, பாஸ்டரைத் தனியே பாருங்கள். கூட்டத்தில் பேசப்பட்டது என் மனதை உடைத்தது, மறுபடியும் அப்படிப் பேசவேண்டாம் என்று கேட்டுக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. அதற்குமேல் வாதம் வேண்டாம். மறுபடியும் அப்படிப் பேசினால், அந்த ஜெபக்கூட்டத்துக்குப் போகாமல் இருப்பது பாவமல்ல.

அடுத்த கர்ப்பத்துக்கு முன் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். ஒரு முறை கலைந்தவர்களில் பெரும்பாலோருக்கு அடுத்தது நல்லபடியாகவே அமைகிறது. ஸ்கேன் எடுப்பதும் மாத்திரை போடுவதும் அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், பவுலுடன் கூடவே பயணம்செய்த லூக்காவைக் கொலோசெயர் 4:14 "பிரியமான வைத்தியன்" என்கிறது என்று சொல்லுங்கள். இரவில் தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல் வாரக்கணக்கில் போனால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஜெபத்தோடு சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கம்மலைக் காணிக்கையாகக் கொடுக்கவேண்டாம். 2 கொரிந்தியர் 9:7 விசனமாயும் கட்டாயமாயும் கொடுக்கவேண்டாம் என்கிறது. நீங்கள் இப்போது கொடுத்தால் அது இரண்டும்தான். விற்கவும் வேண்டாம். பீரோவில் இருந்தால் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்றால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அம்மாவிடமே கொடுத்து வையுங்கள். ஏன் என்று கேட்பார்கள். நடந்ததைச் சொல்லுங்கள். அம்மாவுக்கு இன்னும் தெரியாது என்றுதான் உங்கள் கடிதத்திலிருந்து புரிந்துகொண்டேன்.